ரிலேட்டிவ் கிளாஸுக்குள்ள கேன், மே, மஸ்ட், ஷுட் வந்தா மட்டும் எனக்கு ஏன் தப்பாகுது?

நைட்_ட்யூட்டி:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆறு வருஷமா மெடிக்கல் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், வெளிநாடு போறதுக்காக ஓஇடி, அதாவது மருத்துவத் துறைல இருக்குறவங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை, எழுதப் போறேன். லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணும் ஓரளவு கைக்கு வந்துருச்சு, ரைட்டிங்தான் தண்ணி காட்டுது. அஞ்சு நிமிஷம் ஒரு பேஷண்ட்டோட கேஸ் நோட்ஸ் படிக்கணும், அப்புறம் நாப்பது நிமிஷத்துல லெட்டர் எழுதி முடிக்கணும், 180ல இருந்து 200 வார்த்தைதான் கணக்கு, அதனால சின்னச் சின்ன வாக்கியமா எழுதிட்டே போக முடியாது, ஹூ, விச் போட்டு ரெண்ட ஒண்ணாக்கித்தான் ஆகணும். அங்கதான் மாட்டிக்கிறேன். கேன், மே, மஸ்ட் மாதிரி மோடல் வெர்ப் தனியா கேட்டா சொல்லிடுவேன், ஹூ, விச் போட்டு ஒரு பேர விளக்குற ரிலேட்டிவ் கிளாஸ் தனியா கேட்டாலும் சொல்லிடுவேன், ரெண்டும் சேந்து வந்தா சிவப்பு வட்டம்.

போன வாரம் வட்டம் விழுந்தது இந்த நாலும்:

"ஷி இஸ் ஆன் ப்ரெட்னிசலோன் விச் கேனாட் ஸ்டாப் சடன்லி." (ப்ரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை.)

"ஷி ஹேஸ் எ டாட்டர் ஹூ ஷி கேன் ஹெல்ப் வித் த டிரெஸ்ஸிங்."

"த டயட் விச் ஷி ஷுட் ஃபாலோ இட் வாஸ் எக்ஸ்ப்ளெய்ண்ட்."

"த ஐஎன்ஆர் டெஸ்ட் விச் மஸ்ட் ஹேவ் பீன் டன் ஆன் மண்டே இஸ் ஸ்டில் பெண்டிங்." (ஐஎன்ஆர்னா ரத்தம் உறையுற நேரத்தப் பாக்குற டெஸ்ட்.)

கோச்சிங்ல வட்டம் போட்டு பக்கத்துல "மோடல்?"னு மட்டும் எழுதிக் குடுத்துட்டாங்க, கேட்டா நிறைய படிங்க தானா வந்துரும்ங்கிறாங்க. நாலாவதுக்கு மட்டும் "அர்த்தமே தலைகீழ்"னு எழுதியிருக்கு. எனக்கு அதுல என்ன தப்புன்னே புரியல, திங்கக்கிழமை எடுத்திருக்கணும் இன்னும் எடுக்கல, இதத்தான எழுதியிருக்கேன்? எக்ஸாமுக்கு மூணு வாரம்தான் இருக்கு, யாராவது பொறுமையா சொல்லித் தாங்க ப்ளீஸ்.

—

சாக்பீஸ்_வாத்தியார்:

வணக்கம்மா. முப்பது வருஷம் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்துட்டு ரிட்டயர்டு ஆனவன். உங்க நாலு வாக்கியத்தையும் பாத்தேன், இதுல ரெண்டு சின்னத் தப்பு, ரெண்டு பெரிய தப்பு. சின்னத முதல்ல முடிச்சுருவோம்.

"டாட்டர் ஹூ ஷி கேன் ஹெல்ப்"ல அந்த ஹூங்கிறதே மகளத்தான் குறிக்குது, அதுதான் எழுவாய். அப்புறம் எதுக்கு இன்னொரு ஷி? ஹூவுக்கு அடுத்து நேரா மோடல், மோடலுக்கு அடுத்து வெறும் வெர்ப், அவ்வளவுதான்: "எ டாட்டர் ஹூ கேன் ஹெல்ப்". மகள் ஒருமைங்கிறதால கேன்ஸ்னோ ஹெல்ப்ஸ்னோ எஸ் ஒட்டாது, நடுவுல டு வராது. டயட் வாக்கியத்துல கதை வேற, அங்க ஃபாலோ பண்றது அந்தம்மா, அதனால ஷி இருக்கணும். ஆனா விச்சே டயட்டுக்குப் பதிலா நிக்கிறதால கடைசில இட் வேண்டாம்: "த டயட் விச் ஷி ஷுட் ஃபாலோ". இந்த மாதிரி எடத்துல விச்சையே தூக்கிரலாம், "த டயட் ஷி ஷுட் ஃபாலோ", ஒரு வார்த்தை மிச்சம். ஹூ கேன் ஹெல்ப்ல ஹூவத் தூக்க முடியாது, தூக்கினா எழுவாயே போயிரும்.

இப்ப பெரிய தப்புக்கு வருவோம். உங்க மனசுல ஓடுனது "திடீர்னு நிறுத்தக்கூடாத மாத்திரை", சரிதானா? கூடாதங்கிறத கேனாட் ஆக்கிட்டீங்க. இது உங்க தப்புனு மட்டும் சொல்ல மாட்டேன், தமிழோட அமைப்பே அப்படி.

ஒரு சோதனை பண்ணுங்க. "இந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்", இதுல புத்தகத்தைப் பின்னால கொண்டுபோய் பெயரெச்சமாக்குங்க. "படிக்கலாம் புத்தகம்"னு வருமா? வராது. "படிக்கணும் புத்தகம்"? அதுவும் வராது. லாம், ணும் ரெண்டும் வாக்கியத்து முடிவுல மட்டும்தான் நிக்கும், பேருக்கு முன்னாடி வரணும்னா வேஷம் மாத்தி "படிக்கக்கூடிய", "படிக்க வேண்டிய"னுதான் வரணும். அப்படி மாறும்போது அர்த்தம் ஒண்ணோடொண்ணு கலந்துருது. இங்கிலீஷ்ல இந்த வேஷம் கிடையாது, விச்சுக்குப் பின்னாடி முழு வாக்கியமே நிக்குது, அதனால எந்த மோடலும் தன்னோட சொந்த முகத்தோட அங்க வந்து நிக்கும். நாமதான் எது வரணும்னு பொறுக்கிப் போடணும்.

கூடியவையே எடுத்துக்குங்க. "நல்லா பேசக்கூடிய குழந்தை"ன்னா திறமை, கேன். "ஊசி போட்டா வரக்கூடிய காய்ச்சல்"னா வரலாம் வராமலும் போகலாம், மே. "பச்சையா சாப்பிடக்கூடிய காய்"னா கேன் பி ஈட்டன், செயப்பாட்டு. வேண்டியவும் அப்படித்தான். "வெள்ளிக்கிழமைக்குள்ள கட்ட வேண்டிய ஃபீஸ்" மஸ்ட். "ஒருதடவையாவது பாக்க வேண்டிய ஊரு" ஷுட், பாக்காட்டி குடி முழுகாது. "ஏழு மணிக்கு வர வேண்டிய பஸ்" மஸ்டும் இல்ல ஷுட்டும் இல்ல, விச் இஸ் ட்யூ அட் செவன். ஒரே வேண்டிய, மூணு இங்கிலீஷ்.

எதிர்மறைல இன்னும் கவனம் வேணும். கூடிய கேன்னா கூடாத கேனாட்டாத்தான இருக்கணும்னு தோணும், அப்படி இல்ல. முடியாததான் கேனாட். கூடாதன்னா தடை, மஸ்ட் நாட். தேவையில்லாதன்னா நீட் நாட். "நிறுத்தக்கூடாத மாத்திரை", "நிறுத்த முடியாத மாத்திரை", "நிறுத்தத் தேவையில்லாத மாத்திரை", தமிழ்ல மூணும் உங்களுக்குத் தெளிவாத் தெரியுது பாருங்க, இங்கிலீஷ்லயும் அதே மூணு பிரிவு இருக்கு.

அதுலயே இன்னொண்ணும் இருக்கு. விச் கேனாட் ஸ்டாப்னு எழுதினா, மாத்திரையே ஓடிட்டு இருக்கு, அதால நிக்க முடியலன்னு ஆகும். நிறுத்துறது யாரு, பேஷண்ட்டோ டாக்டரோ. தமிழ் பெயரெச்சத்துல நிறுத்துற மாத்திரை, கட்டுற ஃபீஸ்னு சொன்னா யார் பண்றதுன்னு கேக்காமலே புரிஞ்சுரும். இங்கிலீஷ்ல பேர் தானா அந்த வேலையைப் பண்ணலன்னா மோடலுக்கு அப்புறம் பி போட்டு பாஸ்ட் பார்ட்டிசிபிள் (வெர்போட மூணாவது வடிவம்) வரணும், "மஸ்ட் நாட் பி ஸ்டாப்ட்". என் ஸ்டூடண்ட்ஸ் வருஷா வருஷம் "த ஃபீஸ் விச் மஸ்ட் பே"ன்னு எழுதுவாங்க, ஃபீஸே காசு கட்டுற மாதிரி.

அதனால எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. மனசுல பெயரெச்சம் வந்தா அத ஒடச்சு முழு வாக்கியமாக்குங்க. நிறுத்தக்கூடாத மாத்திரைன்னு வந்தா "இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தக்கூடாது"ன்னு சொல்லிப் பாத்து, அந்த வாக்கியத்துக்கு இங்கிலீஷ்ல எந்த மோடல்னு முடிவு பண்ணுங்க. அப்புறமா விச் போட்டு ஒட்டுங்க. நேரா கூடியவ கேன் ஆக்காதீங்க.

நாலாவத அப்புறம் சொல்றேன், வீட்டுல கூப்பிடுறாங்க.

—

வார்டு_அக்கா:

தங்கச்சி, நாலாவதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா அதே தப்ப நான் இங்க இங்கிலாந்துல வேலைக்குச் சேந்த புதுசுல பண்ணியிருக்கேன்.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அடுத்த ஷிஃப்ட்காரங்களுக்கு ஹேண்ட்ஓவர் எழுதுறேன். ஆறு மணி ஆன்டிபயாடிக் டோஸ் போடல, லைன் அடைச்சுக்கிட்டதால தள்ளிப்போச்சு. அத "த டோஸ் விச் மஸ்ட் ஹேவ் பீன் கிவன் அட் சிக்ஸ்"ன்னு எழுதி வச்சேன், குடுத்திருக்கணும்ங்கிற அர்த்தத்துல. காலைல வந்த சிஸ்டர் அத "ஆறு மணிக்கே குடுத்திருப்பாங்க"ன்னு படிச்சுட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டாங்க. நல்லவேளை ட்ரக் சார்ட்ல அந்தக் கட்டத்துல கையெழுத்து இல்லாததப் பாத்து அவங்களே திரும்ப வந்து கேட்டாங்க. எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு.

காரணம் என்னன்னா தமிழ்ல "குடுத்திருக்கணும்"ங்கிற ஒரே வார்த்தை ரெண்டு வேலை பாக்குது. "நீ அப்பவே மருந்து குடுத்திருக்கணும்" அப்டின்னா குடுக்கலன்னு திட்டுறோம். "கதவு பூட்டியிருக்கு, அவங்க கெளம்பிப் போயிருக்கணும்"னா போயிட்டாங்கன்னு ஊகிக்கிறோம். இங்கிலீஷ்ல இந்த ரெண்டுக்கும் ஒரே வார்த்தை போட முடியாது. நடக்கலங்கிற குறைக்கு ஷுட் ஹேவ். நடந்திருக்கும்ங்கிற ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ். நீ எழுதினது "திங்கக்கிழமையே எடுத்திருப்பாங்க, இன்னும் பெண்டிங்", அதான் தலைகீழ்னு போட்டிருக்காங்க. "த ஐஎன்ஆர் டெஸ்ட், விச் ஷுட் ஹேவ் பீன் டன் ஆன் மண்டே, இஸ் ஸ்டில் பெண்டிங்"னு மாத்து.

மேய பத்தியும் ஒண்ணு சொல்லணும். மேக்கு ரெண்டு அர்த்தம், அனுமதியும் மே, வாய்ப்பும் மே. "எ பேஷண்ட் ஹூ மே ஈட்"னு எழுதினா சாப்பிட விடலாம்ங்கிறியா, சாப்பிட்டாலும் சாப்பிடுவார்ங்கிறியான்னு குழம்பும். நில் பை மவுத்ல, அதாவது வாய் வழியா எதுவும் குடுக்கக்கூடாதுன்னு, இருக்குற பேஷண்ட்டுக்கு இது சின்ன விஷயமில்ல. நான் அனுமதிக்கு கேன் அல்லது இஸ் அலவ்ட் டு, வாய்ப்புக்கு மட்டும் மேன்னு வச்சிருக்கேன். ரத்தம் வர்ற விஷயத்துல கேனும் மேயும் எப்டி பிரியும்னா, "வார்ஃபரின், விச் கேன் காஸ் ப்ளீடிங்"னா ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற அந்த மருந்தோட பொதுக்குணம், யார் சாப்பிட்டாலும் அந்த வாய்ப்பு உண்டு. "எனி ப்ளீடிங் விச் மே அக்கர் அட் ஹோம்"னா இந்தம்மாவுக்கு வீட்டுல வரலாம். லெட்டர்ல ரெண்டாவதுதான் அதிகமா வேணும்.

ஒரு ஆறுதலும் சொல்றேன். ரைட்டிங்குக்கு மார்க் போடுறது ஆறு அளவுகோல் வச்சு, அதுல லாங்வேஜ் ஒண்ணுதான். ஆனா மோடல் தப்பானா லாங்வேஜ் மார்க் மட்டும் போறதில்ல, கண்டென்ட்டே தப்பாகிருது, அதனாலதான் இவ்வளவு நீட்டுறேன்.

—

பேச்சுப்போட்டி_பையன்:

நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எனக்கு இந்த அமைப்பு மனசுல பதிஞ்சது கிராமர் புக்குல இல்ல, ஸ்பீச் மனப்பாடம் பண்ணித்தான். பேர் போன ஸ்பீச்சுகள்ல உயிர் வரியே ரிலேட்டிவ் கிளாஸ் ப்ளஸ் மோடலாத்தான் இருக்கு, கவனிச்சுப் பாருங்க.

1947 ஆகஸ்ட் 14 ராத்திரி நேரு பேசினதுல "த டைம் கம்ஸ் வென் வி ஷல் ரிடீம் அவர் ப்ளெட்ஜ்". டைம்ங்கிற பேருக்கும் வென்னுக்கும் நடுவுல கம்ஸ் வந்து நிக்குது, இருந்தும் வென் டைமத்தான் விளக்குது. 1963ல வாஷிங்டன்ல மார்ட்டின் லூதர் கிங் தன்னோட புள்ளைங்களப் பத்திச் சொன்னது "எ நேஷன் வேர் தே வில் நாட் பி ஜட்ஜ்ட் பை த கலர் ஆஃப் தேர் ஸ்கின்". வேர், எழுவாய், வில், நாட், பி, ஜட்ஜ்ட்னு வரிசை அப்படியே இருக்கு, வாத்தியார் சொன்ன மஸ்ட் நாட் பி ஸ்டாப்ட் இதே வரிசைதான், இத வாய்விட்டு நாலு தடவ சொன்னா நாட் எங்க வரணும் பி எங்க வரணும்ங்கிற சந்தேகமே வராது. பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்த மறுநாள் ரூஸ்வெல்ட் சொன்னது "எ டேட் விச் வில் லிவ் இன் இன்ஃபமி". டைப் பண்ணின காப்பில முதல்ல வேர்ல்ட் ஹிஸ்டரின்னுதான் இருந்துச்சு, அவரே பேனாவால அடிச்சு இன்ஃபமின்னு மாத்தினார், ஆனா விச் வில் லிவ் இன்ங்கிறதுல கை வைக்கல.

தமிழ்ல இத "நம்ம உறுதிமொழிய நிறைவேத்தப்போற நேரம் வருது"ன்னுதான் சொல்லுவோம், உறுதிமொழி முதல்ல வந்து வருதுன்னு முடியுது. இங்கிலீஷ்ல நேரம் முதல்ல வந்துருது, ஷல் ரிடீம் அப்புறம் வந்து காதுல நிக்குது. எனக்கு அந்த எடம் ரொம்பப் பிடிக்கும்.

சட்டத்துலயும் பாக்கலாம். 2002ல நம்ம அரசியல் சட்டத்தோட 86வது திருத்தத்துல சேத்த 21ஏ பிரிவு, ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வின்னு சொல்றது, "இன் சச் மேனர் அஸ் த ஸ்டேட் மே, பை லா, டிட்டர்மைன்"னு முடியும். இங்க விச்சுக்குப் பதிலா சச் போட்டு அஸ். அந்த மே வார்டு அக்கா சொன்ன ரெண்டுலயும் சரியா அடங்காது, அரசுக்கு எப்படின்னு தீர்மானிக்கிற அதிகாரம்னு அர்த்தம்.

வுட் பத்தி யாரும் பேசல. 1912ல மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல கிளார்க்கா இருந்த ராமானுஜன் 1918ல ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். அத ஒரே வரில "த கிளார்க் ஹூ வுட் பிகம் எ ஃபெல்லோ ஆஃப் த ராயல் சொசைட்டி"ன்னு எழுதலாம். கதை 1912ல நிக்குது, அங்கருந்து பாத்தா பின்னாடி ஆகப்போறவர், அதுக்கு வுட். வுட்டோட வழக்கமான நிபந்தனை அர்த்தமும் இங்க இல்ல, மரியாதையா கேக்குற அர்த்தமும் இல்ல.

—

நைட்_ட்யூட்டி:

சார், அக்கா, தம்பி, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன ஆறு மணி டோஸ் கதையப் படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு, நான் இங்க தமிழ்லதான் ஹேண்ட்ஓவர் குடுக்குறேன், அங்க போய் இப்படி எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்.

பெயரெச்சத்த ஒடச்சுப் பாத்து திருப்பி எழுதினேன், பாருங்க:

"ஷி இஸ் ஆன் ப்ரெட்னிசலோன் விச் மஸ்ட் நாட் பி ஸ்டாப்ட் சடன்லி."

"ஷி ஹேஸ் எ டாட்டர் ஹூ வில் கேன் ஹெல்ப் வித் த டிரெஸ்ஸிங் ஃப்ரம் நெக்ஸ்ட் வீக்." கேஸ் நோட்ஸ்ல அடுத்த வாரம்தான் மக ஊர்ல இருந்து வர்றாங்கன்னு இருக்கு, அதான் வில் சேத்தேன்.

"எனி நர்ஸ் ஹூ வில் விசிட் ஹர் வில் நீட் டு செக் த ஊண்ட்." இது புதுசு. ரெண்டு வில் வருது, படிக்கவே ஒரு மாதிரி இருக்கு, சரியா?

அப்புறம், "தொடர வேண்டிய மருந்துகள்"னு ஒரு தலைப்பு மாதிரி எழுதணும், அதுக்கு விச் ஷுட் பி கன்டின்யூட்னு ஒவ்வொரு தடவையும் எழுதினா வார்த்தை எகிறுது.

—

சாக்பீஸ்_வாத்தியார்:

பரவாயில்லையே, ஒரே நாள்ல பி ஸ்டாப்ட் வந்துருச்சு. அந்த முதல் வரில ஒரு கமா மட்டும் விட்டுட்டீங்க. ப்ரெட்னிசலோன்னு மருந்துப் பேரச் சொல்லியாச்சு, எந்த ப்ரெட்னிசலோன்னு பிரிச்சுக் காட்ட வேண்டியதில்ல, விச்சுக்கு அப்புறம் வர்றது கூடுதல் தகவல், அதனால விச்சுக்கு முன்னாடி கமா. அக்கா ஐஎன்ஆர் வாக்கியத்துல ரெண்டு பக்கமும் கமா போட்டிருக்காங்க பாருங்க, அதே காரணம். "ஹர் சன் ஹூ கேன் டிரைவ்"னு கமா இல்லாம எழுதினா அவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாத மகனும் இருக்கான்னு ஆயிரும்.

வில் கேன் கூடவே கூடாதும்மா. எழுத்து இங்கிலீஷ்ல ரெண்டு மோடல் அடுத்தடுத்து உக்காராது. ஸ்காட்லாந்துலயும் அமெரிக்காவோட தென் மாநிலங்கள்லயும் பேச்சுல மைட் குட்னு சேத்துச் சொல்றவங்க உண்டு, அது அவங்க வட்டாரப் பேச்சு, நமக்கு பரீட்சைக்கு ஆகாது. எதிர்காலத்துல முடியும்னா கேனுக்குப் பதிலா ஏபிள் டு: "ஹூ வில் பி ஏபிள் டு ஹெல்ப்". அதே மாதிரி வில் மஸ்ட் கிடையாது, வில் ஹேவ் டு.

எனி நர்ஸ் ஹூ வில் விசிட்னு எழுதினது உங்க காதுக்கே இடிச்சுது பாருங்க, காது சரியாத்தான் சொல்லியிருக்கு. தமிழ்ல "லேட்டா வர்றவங்களுக்கு ஃபைன் போடுவாங்க"ன்னுதான சொல்றோம், வரப்போறவங்களுக்குன்னு சொல்றதில்லல. எதிர்காலம்னு முக்கிய வாக்கியத்துல இருக்குற வில்லே சொல்லிருச்சு, யாராயிருந்தாலும்ங்கிற மாதிரி வர்ற ரிலேட்டிவ் கிளாஸுக்கு ப்ரெசண்ட் போதும்: "எனி நர்ஸ் ஹூ விசிட்ஸ் ஹர் வில் நீட் டு செக் த ஊண்ட்". அதுக்காக ஹூ வில் எங்கயுமே வராதுன்னு நெனச்சுராதீங்க. இன்ன நர்ஸ், இன்ன நாள்னு முடிவானதா இருந்தா "த நர்ஸ் ஹூ வில் விசிட் ஹர் ஆன் மண்டே" நல்ல இங்கிலீஷ்.

தொடர வேண்டிய மருந்துக்கு சுலபமான வழி இருக்கு: "மெடிகேஷன்ஸ் டு பி கன்டின்யூட்". விச் ஷுட் மொத்தமும் அந்த டுக்குள்ள அடங்கிருச்சு. "த பர்சன் டு காண்டாக்ட்"னாலும் அப்படித்தான், தொடர்பு கொள்ள வேண்டிய ஆள். இது ஒண்ணுதான் நம்ம வேண்டியவுக்கு ரொம்ப நெருக்கமா வர்ற இங்கிலீஷ். ஆனா இதுல மஸ்ட்டா ஷுட்டான்னு பிரிச்சுக் காட்ட முடியாது, அதனால தலைப்புக்கும் பட்டியலுக்கும் மட்டும் வச்சுக்குங்க, ப்ரெட்னிசலோன் மாதிரி ஆபத்தான விஷயத்துக்கு முழுசா மஸ்ட் நாட் எழுதிருங்க.

—

வார்டு_அக்கா:

சார் கடைசியாச் சொன்னத அப்படியே வச்சுக்கோ தங்கச்சி. இங்க லெட்டர் வாங்கிப் படிக்கிற கம்யூனிட்டி நர்ஸ் பத்து வீடு ஏறி இறங்கணும், கதவுல நின்னு ஒரு தடவதான் படிப்பாங்க.

—

நைட்_ட்யூட்டி:

சரி சார், சரிக்கா. இன்னிக்கு ட்யூட்டி முடிஞ்சு வந்து புது கேஸ் நோட்ஸ் ஒண்ண எடுத்து லெட்டர் முழுசா எழுதி நாளைக்கு இங்கயே போடுறேன். ஹிப் சர்ஜரி முடிஞ்ச தாத்தா, வீட்டுல அவரு செய்யக்கூடாத அசைவுன்னு ஒரு நீளமான லிஸ்ட் இருக்கு, எல்லாமே மஸ்ட் நாட்டான்னு ஒண்ணொண்ணா ஒடச்சுப் பாக்கணும்.